ஒரு சொளகு குதிரைவாலி

போன வாரம் ஜீப்பில் வந்த அதிகாரி ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, மழை முன்னே மாதிரி இல்லை, இனிமேல் குதிரைவாலி போடுங்கள் என்றார். பாக்கெட்டின் மேல் எழுதியிருந்ததை எனக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே இருந்ததைத் தெரியாதா? அதைத் தின்றதற்காக நான் வாங்கிய பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். நான் சிறுமியாக இருந்தபோது பெரியப்பா கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்து நெல்லும் கடலையுமாக விளைவித்தார். அந்த இன்ஜினை விடப் பெரியம்மா அதைப் பற்றிப் பேசுகிற சத்தம்தான் ஊருக்கு அதிகம் கேட்கும். எங்களுக்கு வாய்த்த கொல்லை வெறும் சரளை மேடு. அதில் அம்மா குதிரைவாலி விதைப்பாள். வேறு யாரும் அதைப் போடுவதில்லை. கதிர் பிடித்துவிட்டால் சுற்றுப்பட்டுக் குருவியெல்லாம் எங்கள் கொல்லையில்தான் இறங்கும். விடிந்ததிலிருந்து தகர டப்பாவைத் தட்டிக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். குருவிகள் தின்று போட்ட மிச்சம்தான் எங்களுக்கு.

பெரியப்பா மகளுக்குக் காதுகுத்து வந்தது. பந்தியில் உட்கார்ந்தோம். நல்ல கறிக்குழம்பு, கத்தரிக்காய் வேறு. எனக்குச் சோறு வைக்கும்போது பெரியம்மா பந்திக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“பாத்து வைங்க. குருவி திங்கிறதத் தின்னு வளந்த வயிறு. நெல்லுச்சோறு ஒத்துக்குமோ என்னமோ.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் குழம்புச்சோற்றை அப்படியே இலையில் ஒதுக்கிவிட்டேன். அம்மாவோ ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பெரியம்மா மேல் வந்த கோபத்தை விட அம்மா மேல் வந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பெரியப்பா கிணற்றில் அடிமண் தெரிந்தது, இன்ஜின் காற்றைக் குடித்தது, கடலை கருகியது, நெல் வைக்கோலாகவே நின்றது. எங்கள் மேடு மட்டும் பெய்த ரெண்டு மழையை வைத்துக்கொண்டே கதிர் வாங்கியது.

அடுத்த ஆடியில், முந்தானைக்குள் புடைக்கிற சொளகை மறைத்துக்கொண்டு பெரியம்மா எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்தாள். விதை வேண்டுமாம். அம்மா இப்போது நாலு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளோ விதைப்பானையை இழுத்து வைத்தாள். நான் சும்மா இருப்பேனா?

“குருவித்தீனி ஒங்களுக்கு ஒத்துக்குமா பெரியம்மா?”

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ரெண்டு நாள் கன்றியிருந்தது. கிள்ளிய கையாலேயே சொளகு நிறைய விதையை அள்ளிக் கொட்டினாள்.

“இது பத்தாதுக்கா. கெணத்தடிக் கொல்லைக்கும் சேத்துக் கொண்டுபோங்க. அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரங்களையும் வரச் சொல்லுங்க.”

பந்தியில் சிரித்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து வாங்கிப்போனார்கள். நான் சாப்பிடாமல் கிடந்தேன். மானம் இருக்கா ஒனக்கு என்று அம்மாவைக் கேட்டேன்.

“கத்தாதடி. அவங்க கொல்லையிலயும் வெளையட்டும்.”

அவ்வளவுதான் பதில்.

விளைந்தது. மேட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் குதிரைவாலி. குருவிகளும் வந்தன, அங்கிட்டுக் கொஞ்சம், இங்கிட்டுக் கொஞ்சமாக. எங்கள் கொல்லையில் நான் டப்பாவை ஒரு தட்டுத் தட்டினால் போதும், எழுந்து பெரியம்மா கொல்லைக்குப் போய்விடும். அங்கிருந்து பெரியம்மா கத்துவது கேட்கும். அந்தக் கத்தலைக் கேட்கவே நான் இன்னொரு தட்டுத் தட்டுவேன். அந்த வருஷம் போல எங்கள் வீட்டில் என்றைக்கும் தானியம் சேர்ந்ததில்லை.

மழை திரும்பியதும் ஊர் பழையபடி நெல்லுக்கே போய்விட்டது. இந்த வருஷம் என் மகன் மட்டும் மேட்டில் குதிரைவாலி போட்டிருக்கிறான். கேலி பேசியவனுக்கு ஒரு மணி விதை தரமாட்டேன் என்று வீம்பு. விடிந்ததிலிருந்து தனியாக நின்று டப்பா தட்டுகிறான், பாவம்.

தானியம் சேர்ந்த அந்த வருஷம், களத்தில் தூற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், குருவியெல்லாம் என் டப்பாவுக்குப் பயந்துபோச்சு பாத்தியா என்று பெருமை அடித்தேன்.

“ஆமாடி, ஒன் டப்பாவுக்குத்தான்” என்று சிரித்தாள் அம்மா. நான் அதை ரொம்ப நாள் நம்பினேன்.