குடும்ப நெட்

எங்கள் தெருவுக்குக் குடும்ப நெட் வந்தது என்னால்தான். அப்போது நான் அன்பியத்தின் செயலாளர். எங்கள் மாதா கோயில் பங்கில் முப்பது வீடுகளுக்கு ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லிவிட்டு, காப்பியோடு ஊர்க்கதையும் பேசுவோம். அப்படி ஒரு கூட்டத்தில்தான் கேபிள்கார அண்ணாச்சி, நல்ல தளங்களை மட்டும் திறக்கும் இணைப்பு ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

"அடைச்சிருக்க பக்கம் எதுவும் வேணும்னா?" என்று ஒருவர் கேட்டார்.

"அண்ணாச்சிக்குப் போன் போட்டுத் தெறக்கச் சொல்லணும். எவன் கேப்பான்? வெக்கம்தான் பூட்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். வீட்டில் நெட் இருக்கையில் தனியாக எதற்கு என்று அவள் போனுக்கு டேட்டா போடுவதையும் நிறுத்தினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

நான்கு மாதம் போயிருக்கும். துறைமுகத்து ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "மார்ல ஒரு கட்டி கெடக்கு" என்றாள் மனைவி.

"எத்தன நாளா?"

"நெட்டு மாத்துன மறுமாசத்துல இருந்து. என்னன்னு பாப்போம்னு, மார்புக் கட்டின்னு போட்டு போன்ல தேடுனேன். குடும்பத்துக்கு ஏத்த பக்கம் இல்லன்னு வந்துட்டு. நாலஞ்சு தடவ தட்டியும் அதேதான். ஏதோ அசிங்கத்தத் தேடுனவ மாதிரி ஆயிட்டு எனக்கு."

"அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? ஞாயித்துக்கெழம பூசையில அவரு மொகத்துல முழிக்க வேண்டாமா? வலி இல்லையேன்னு விட்டுட்டேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். அடைத்த பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருந்தால், செயலாளர் வீட்டிலேயே இப்படியா என்று கத்தியிருப்பேன். என் கோபம் எனக்குத் தெரியாதா?

திருநெல்வேலியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளிடம், "மூணு மாசம் முந்தி வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம். இப்ப மார்பையே எடுக்கணும். ஏம்மா இவ்வளவு நாள்?" என்றார்.

நான்தான் காரணம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் அசட்டைதான் டாக்டர். வீட்டுல இவங்ககிட்டகூட மூச்சு விடல" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"இவ எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்றேன்.