கொள்ளுச் செடியும் கார் இன்ஷூரன்ஸும்

தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை என்று கேலி செய்யும் வாசகர்கள் உண்டு. இந்த வாரம் அவர்களுக்கு ஏமாற்றம். மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான் சொல்வேன். அந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியது நான், பக்கத்தில் மனைவி. அவளுக்கு இருதயக் கோளாறு. வெள்ளிக்கிழமை தோறும் செங்கல்பட்டு டாக்டரிடம் காட்டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்க வந்த கூட்டம் ஏறிவிட்டால் பஸ்ஸில் மூச்சு விடவே இடமிருக்காது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் எங்கே நிற்பாள்?

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ரோட்டின் மேல் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். செடியைப் பிடுங்கிக் காயவைத்துத் தார் ரோட்டில் போட்டுவிடுவார்கள். பஸ், லாரி, கார் எல்லாம் ஏறி இறங்க, காய் வெடித்துக் கொள்ளு உதிரும். களமும் வேண்டாம், மாடும் வேண்டாம். காரோட்டி தயங்கினால் ஓரத்தில் நிற்கும் பெண்கள் கையை ஆட்டி, "ஏத்து சார், ஏத்து!" என்பார்கள். நானும் பல வருஷமாக ஏற்றிக் கொடுத்து வருகிறேன். அதில் ஒரு சின்னப் பெருமைகூட எனக்கு உண்டு.

அன்றும் ஒரு பெண் கையை ஆட்டினாள். ஏற்றினேன்.

அவள் ஆட்டியது நிற்கச் சொல்லி.

செடிக்கு நடுவே ஒரு கிழவர் குந்தியிருந்தார். காய்ந்த செடியின் நிறத்திலேயே வேட்டி, அதே நிறத்தில் தலைப்பாகை. மனைவி அலறிய பிறகுதான் எனக்கு அவர் தெரிந்தார். பிரேக்கை மிதித்தேன். கொள்ளுச் செடியின் மேல் பிரேக் பிடிக்குமா? வண்டி வழுக்கிக்கொண்டே போனது... அந்தப் பெண் ஓடிவந்து கிழவரின் தோளைப் பற்றி இழுத்துவிட்டாள். டயர் ஏறியது அவர் கையிலிருந்து விழுந்த முறத்தின் மேல்.

இறங்கினேன்.

"இன்னா சார், கண்ணு தெர்லியா?" என்று கத்தினாள் அந்தப் பெண்.

"நீதானேம்மா கையை ஆட்டினே..."

"நில்லுன்னு ஆட்டுனா நிக்கணும்! எங்க மாமனாருக்குத்தான் கண்ணுல பொர வுழுந்துகீது. உனுக்கு இன்னா கேடு?"

கிழவர் வேட்டியில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "வுடுமே. சாரும் நானும் ஒரே ஜோடி. நான் மொறத்த வச்சிகினு கீறேன், அவரு காரை வச்சிகினு கீறாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

இதற்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. என் கார் பாலிசி அந்த மாதத்தோடு முடிகிறது. செங்கல்பட்டு கோர்ட்டில் ஆயுசில் பாதியை வக்கீலாகக் கழித்தவன் நான். அதனால் என் வயது வாசகர்கள் அடிக்கடி கேட்டு எழுதுவார்கள் — தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் கவர் வேண்டுமா? முதலாவது சட்டம் கட்டாயமாகக் கேட்பது. நம் வண்டி யாரையாவது இடித்தால் அவருக்கு நஷ்ட ஈடு. இரண்டாவதில் நம் வண்டிக்கு ஏற்படும் சேதமும் சேர்த்தி, பிரீமியம் கூடுதல். வண்டி பழசானால் தேர்ட் பார்ட்டி போதும், ஓட்டுகிறவர் பழசானால் ஃபுல் கவர் போடுங்கள் என்று நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

இரண்டுமே பழசானால்? அதை நான் யோசித்ததில்லை.

பாலிசியில் முதல் பார்ட்டி நான். இரண்டாவது கம்பெனி. மூன்றாவது ஆசாமிக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. கோர்ட்டில் எத்தனையோ முறை அந்த வார்த்தையைச் சொல்லி வாதாடியிருக்கிறேன். இப்போது அவருக்குத் தலைப்பாகை வந்துவிட்டது. கையில் முறம் வந்துவிட்டது. தூங்கப் போனால் எதிரில் வந்து குந்திக்கொள்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி, "இந்த வாரம் டாக்டர் வேண்டாங்க. உடம்பு தேவலை" என்றாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஊசி வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏஜென்ட் சம்பந்தம் வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர். இன்ஷூரன்ஸ் எல்லாம் சர்க்கார் கைக்குப் போன பிறகும் சொந்தக் கடை மாதிரியே பேசுவார்.

"ஃபுல் கவரே போட்டுடலாம் சார். பம்பர்ல கீறல் வுழுந்தாகூட கம்பெனி பார்த்துக்கும்."

"ஆள் மேல விழுந்தா?"

"அதுவும் இதுல அடக்கம் சார். நீங்க வக்கீலு, உங்களுக்குத் தெரியாததா?" பேனாவைத் திறந்தார். "கண்ணு, காது எல்லாம் சரியாத்தானே கீது?"

ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டிய பதில். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "தம்பி, சம்பளத்துக்கு டிரைவர் வச்சா, அவருக்கும் சேர்த்துப் போட முடியுமா?"

"தாராளமா போடலாம்மா. கொஞ்சம் கூடக் கட்டணும், அவ்ளோதான்."

"நமக்கு டிரைவர் எதுக்கு? வாரத்துக்கு ஒரு தடவை செங்கல்பட்டு போறோம். அதுக்கு நான் போதாதா?" என்றேன்.

அவள் ஏஜென்ட் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து எனக்கு உடம்பு தேவலைன்னு சொன்னது பொய்ங்க. ராத்திரியெல்லாம் வலிதான். உங்க பக்கத்துல உக்கார்றதுக்கு, வலியே பரவாயில்லைன்னு இருந்துட்டேன்."

சம்பந்தம் பேனாவை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி திறந்தார்.

அவள் சொன்னதற்கு எதிர்வாதம் ஏதாவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. ஃபுல் கவரே இருக்கட்டும், சம்பள டிரைவரையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். என் வயது நண்பர்களே, எந்தப் பாலிசி என்று இனி எனக்கு எழுதாதீர்கள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவரைக் கேளுங்கள். கேட்காமல் அவராகச் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை ஏழுமலை வேலைக்கு வந்தார். புதுப்பட்டினத்து ஆள், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலைக்கு ஜல்லி லாரி ஓட்டியவர். நான் பழக்க தோஷத்தில் முன் கதவைத் திறந்தேன்.

"நீ பின்னாடி குந்திக்க சார். நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் புறப்பட்டோம். பின் சீட்டிலிருந்து எனக்கு ரோடு தெரியவில்லை. ஏழுமலையின் பிடரிதான் தெரிந்தது. எங்கே கியர் மாற்றுவார், எங்கே ஹாரன் அடிப்பார் என்று என் கையும் காலும் தாமாகவே தவித்தன. ஏதோ சொல்வதற்காக மனைவி பக்கம் திரும்பினேன்.

தூங்கிப்போயிருந்தாள். நான் ஓட்டிய இத்தனை வருஷத்தில், காரில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.