எட்டாவது கம்பி

மூன்று சொற்களில் செய்தி வந்தது. "கௌரி நோ மோர்." அனுப்பியவர் அவருடைய கணவர் ரமேஷ் அண்ணா. நான் ஃப்ரீமாண்டில், குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் நின்றிருந்தேன். இயந்திரம் முடிய இன்னும் பதினோரு நிமிடம் காட்டியது. காத்திருந்தேன். துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தேன். பிறகுதான் பதில் எழுதினேன்.

எனக்கு அது எதிர்பாராத செய்தி அல்ல. ஏன் அல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பக்கத்து ஊரான டப்ளினில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அவரிடம் அனுப்பியவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரோடு வேலை பார்த்தவர்களும் படிப்பீர்கள். அவரைப் புகழ்ந்து எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அவர் வீட்டின் மாடி அறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. திருச்சிக்காரர். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் குழுவுக்குத் தலைவர். வீட்டிலும் அதே வேலைதான். முதல் வாரமே குழாய் சரியாகிவிட்டது, வேலை செய்கிறது என்றேன்.

"வேலை செய்யுதுன்னு சொல்லாத வித்யா. இதுவரைக்கும் உடையலன்னு சொல்லு."

போன பிப்ரவரியில், மழை விட்ட ஒரு மதியம், இந்தியக் கடையின் பார்க்கிங்கில் பின்னால் வந்த கார் ஒன்று அவரை இன்னொரு காரோடு வைத்து அழுத்தியது. மெதுவாகத்தான் வந்தது என்றார்கள். பம்பரின் உயரத்தில் முழங்கால் இருந்தது. மூட்டின் அடியில் எலும்பு நொறுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து, எலும்புத் துண்டுகள் நகராமல் இருக்க காலுக்கு வெளியே ஒரு எஃகுச் சட்டத்தைப் பூட்டினார்கள். மூன்று வளையங்கள். வளையங்களிலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் எட்டுக் கம்பிகள். மூன்று, நான்கு மாதம் அப்படியே இருக்கவேண்டும்.

ரமேஷ் அண்ணா அப்போது சென்னையில். விசா முத்திரைக்காகப் போனவர். பாஸ்போர்ட் தூதரகத்தில் மாட்டிக்கொண்டது. ஒன்பது வயது மகள் ஆதிராவும் அவரோடு. வீட்டில் கௌரி அக்காவும் நானும் மட்டும்.

முதல் நாள் போர்வையை விலக்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்ன, பயமா? கட்டடத்துக்குச் சாரம் கட்டுவாங்கல்ல, அதான் இது. உள்ள வேலை நடக்குது. பெயிண்ட் அடிச்சதும் எடுத்துருவாங்க."

காலை பத்து மணிக்கு, அவர் குளித்து வந்ததும், கம்பிகளைச் சுத்தம் செய்வேன். கையைக் கழுவ வேண்டும். ஒரு கம்பிக்கு ஒரு பஞ்சு. ஒன்றில் தொட்ட பஞ்சு அடுத்ததில் படக்கூடாது. காய்ந்த பொருக்கைச் சுரண்டக்கூடாது. சிவப்பு, வீக்கம், சீழ், புது வலி, காய்ச்சல். இந்த ஐந்தில் ஒன்று வந்தாலும் அன்றே கூப்பிட வேண்டும். செவிலியர் எழுதிக் கொடுத்த தாளை அக்கா குளிர்பதனப் பெட்டியில் ஒட்டச் சொன்னார்.

கம்பிகளுக்கு எண் வைத்ததும் அவர்தான். மூன்றாவதில் எப்போதும் கொஞ்சம் நீர் கசியும். அது இயல்பு என்று சொல்லியிருந்தார்கள். "அது எங்க மேனேஜர். ஒரு விஷயம் அவர்கிட்ட தங்காது, லீக் ஆயிரும்." நான் சிரித்துப் பஞ்சைக் கீழே போட்டேன். "அந்தப் பஞ்சு செத்துப்போச்சு. புதுசு எடு."

எட்டாவது கம்பி காலின் உள்பக்கம், பின்னால் தள்ளி. எவ்வளவு குனிந்தாலும் அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்க முடிந்த ஒரே ஆள் நான். அதனால் தினமும் கேட்பார்: "எட்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

ஐந்து வாரம் அது உண்மையாக இருந்தது.

மாலையில் சென்னையிலிருந்து வீடியோ அழைப்பு வரும். கைப்பேசியை முகத்துக்கு நேராக மட்டும் பிடிப்பார். விபத்து தெரியும், அறுவை சிகிச்சை தெரியும். சட்டத்தை மட்டும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

"அம்மா, ஷோ மீ த லெக்!"

"லெக்கு தூங்குதுடி. எழுப்பினா அழும்."

"தட்ஸ் நாட் ஈவன் ஃபன்னி."

"உங்க அப்பாவுக்குச் சிரிப்பு வருது பாரு."

ஆறாவது வாரம் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு வந்தது. மருத்துவ விடுப்பில் இருப்பவரைத் தொட மாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். முதலில் தொடுவதே அவர்களைத்தான் என்றார்கள் வேறு சிலர். அக்காவின் வேலை போனால் அறுபது நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ரமேஷ் அண்ணாவின் விசா அக்காவின் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்து வேலை செய்ய மருத்துவர் ஒப்புக்கொண்டிருந்தார். காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி மடிக்கணினியைத் திறந்து பழகிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை லாகின் பண்ணிட்டேன்னா போதும். அப்புறம் எந்தக் கம்பியை வேணா புடுங்கட்டும்."

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை, எட்டாவது கம்பியைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். சிறியது. தொட்டால் சுட்டது.

நான் சொன்னேன். முதல் நாள் சொன்னேன். அது மட்டும் எனக்குச் சாதகமாக இருக்கிறது.

அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "சூடு இருக்கு. கொஞ்சம்தான்." பிறகு: "கூப்பிட்டா அட்மிட் பண்ணுவாங்க. திரும்ப கட் பண்ணுவாங்க. லீவு நீளும். ரெண்டு நாள் பாப்போம்."

"தாள்ல அன்னிக்கேன்னு போட்டிருக்குக்கா."

"தாள் எழுதினவங்க கிரீன் கார்டு வச்சிருக்காங்க."

புதன்கிழமை மருத்துவமனைச் செயலியில் வாராந்திரப் படம் அனுப்ப வேண்டும். எட்டுக் கம்பிகளுக்கு எட்டுப் படம். ஏழு படங்களை அன்று எடுத்தேன். எட்டாவதற்குப் போன வாரப் படத்தை அனுப்பினேன். அனுப்பச் சொன்னவர் அவர். அனுப்பிய விரல் என்னுடையது. கீழே ஒரு கேள்வி: காய்ச்சல் உண்டா? இல்லை என்று அழுத்தினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறதாம், பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அதற்கு மேல் செய்தது முழுக்க என் யோசனை. என் பெட்டியில் ஒரு டப்பா. சென்னையிலிருந்து கிளம்பும்போது அம்மா வைத்துக் கொடுத்தது. தலைவலிக்கு, வயிற்றுக்கு, சளிக்கு, அடியில் இரண்டு பட்டை ஆன்டிபயாடிக். உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியிலும் அது இருக்கிறது, எனக்குத் தெரியும். இங்கே டாக்டரைப் பார்க்க இரண்டு வாரமாகும், எடுத்துக்கொண்டு போ என்று நம் எல்லோருக்கும் யாரோ கொடுத்தது. கொண்டுபோய் நீட்டினேன்.

"இது எனக்குத் தொண்டைக்குக் கொடுத்ததுக்கா. அஞ்சு நாள்ல சரியாயிடுச்சு."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிழை தேடும் கண்கள்தான் அவை. "தொண்டையும் காலும் ஒரே உடம்புலதான இருக்கு," என்றார். சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டார்.

வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. வெள்ளியன்று சிவப்பு கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரிந்தது. நான் பருப்பு ரசம் வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். "டாக்டர் வித்யா," என்று கூப்பிட்டார். அந்த ஒரு நாள் இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம். இப்போது யோசித்தால் மற்ற நாட்களைவிட அந்த நாள்தான் பயமுறுத்துகிறது.

சனிக்கிழமை பஞ்சில் மஞ்சள். ஒரு வாடை.

"எட்டு எப்படி இருக்கு?"

"பரவால்லக்கா."

அவர் என்னைப் பார்த்தார். கம்பியைப் பார்க்க முடியாவிட்டாலும் என் முகத்தைப் பார்க்க முடியும். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

ஞாயிறு மதியம் அவர் உடல் தூக்கிப்போட்டது. பல்லோடு பல் அடித்தது. சட்டம் கட்டில் கம்பியில் மோதி ஒலித்தது. ஆம்புலன்ஸுக்கு நான்தான் கூப்பிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் கேட்டார்கள்: வேறு மருந்து ஏதாவது எடுத்தீர்களா? அக்கா இல்லை என்று தலையாட்டினார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். என் வாயும் திறக்கவில்லை.

எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. சீழிலும் வளரவில்லை. எங்கள் அரைகுறை மாத்திரை கிருமியைக் கொல்லாமல் மறைத்து மட்டும் வைத்திருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண் மருத்துவர், என் வயதுதான் இருக்கும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அப்போது அக்கா ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்: இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாத்திரை. நானே எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நிற்கும் இந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

மருத்துவர் போனபின் நான் அழுதேன். அவர் எரிச்சலடைந்தார்.

"மூக்கைச் சிந்து. பொய்ய ஒருத்தர் சொன்னா போதும். ரெண்டு பேர் சொன்னா எங்கயாவது இடிக்கும். நீ உன் ரெண்டு வாயையும் மூடிக்கிட்டு இரு."

"எனக்கு ஒரு வாய்தாங்க்கா."

"அது போதும் என்னைக் கவுக்க."

சட்டத்தைக் கழற்றினார்கள். எலும்பைச் சுரண்டினார்கள். மூன்று முறை. ரமேஷ் அண்ணா பாஸ்போர்ட் கிடைத்து வந்து சேர்ந்தபோது கால் இன்னும் இருந்தது. பிறகு இல்லை. நான் ஃப்ரீமாண்டுக்கு மாறினேன். தேறி வருகிறார் என்றார்கள். உட்காருகிறார், சாப்பிடுகிறார், கோபப்படுகிறார் என்றார்கள். தேறுகிறார் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை ரசம் நினைவுக்கு வந்தது. ரத்தத்தில் கிருமி இரண்டாம் முறை கலந்தபோது அவரிடம் எதிர்க்கத் தெம்பில்லை. முன்பே வந்திருந்தால் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு ஆன்ட்டி சொன்னார்: "நீ மட்டும் இல்லன்னா அந்தப் பொண்ணு அநாதையா கெடந்திருக்கும்மா. கூடப்பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்ட." இல்லை ஆன்ட்டி என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

போன வாரம் ரமேஷ் அண்ணா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முழுவதையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்:

"ஜுரம் எத்தனை நாளா?"

"ஆறு நாள்."

"அதுல அஞ்சு நாள் நான் வீடியோல பேசினேன். சிரிச்சாளே."

"ஆமாண்ணா."

"மாத்திரை யாரோடது?"

"என்னோடது."

"என்கிட்ட அவ வேற மாதிரி சொன்னா." எழுந்தார். அடுத்த அறையில் ஆதிரா ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். உட்காரவில்லை. "உன்ன மன்னிக்கிறதா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரியற வரைக்கும் இங்க வராத."

சரி என்று எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

"ஆனா ஊர விட்டுப் போயிடாத. ஆதிரா ஒரு நாள் கேப்பா. அவளுக்கு நான் பதில் சொல்ல முடியாது, நான் அங்க இல்ல. நீதான் சொல்லணும். இன்னிக்குச் சொன்னியே, அப்படியே. உனக்காகவும் மாத்தக் கூடாது, அவ அம்மாவுக்காகவும் மாத்தக் கூடாது."

கௌரி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஆறு நாட்கள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை. சிவப்பு எவ்வளவு அகலம், எந்த வேளை எத்தனை மாத்திரை, அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். ஆதிராவுக்கு ஒன்பது வயது. மறக்காமல் வைத்திருக்கிறேன்.