ஒரே எண் விழுந்த இரண்டு பெட்டிகள்

“…அதனாலதாங்க நம்பிட்டேன். ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணு விண்டோஸ்ல ஓடுது, ஒண்ணு லினக்ஸ்ல. ரெண்டும் ஒரே நம்பரைப் போடும்னு யாரு நெனைப்பா?”

கட்டுமாவடி ஏலக்கூடத்தில் மீன் பெட்டிகளுக்கு எண் போடும் சாஃப்ட்வேரை எழுதியவர், என் ஐஸ் கடை வாசலில் நின்று இப்படிச் சொன்னார். ஒல்லியான மனிதர். டீ குடிக்க வருகிற எல்லோரிடமும், “மனசுல தோணுற ஒரு நம்பர் சொல்லுங்க” என்பார். பாதிப் பேர் ஏழு என்பார்கள். “பாத்தீங்களா, ஆளு வேற, நம்பர் ஒண்ணு” என்று குழந்தை மாதிரி சிரிப்பார்.

அன்று கரண்டு போய் வந்ததும், ஏலக்கூடத்தின் அந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களும் ஒரே பழைய தேதிக்குத் திரும்பிவிட்டன. அந்த நேரத்தை வைத்தே அவை எண் போட்டதால், இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் விழுந்தது. ஓர் அக்காவின் நண்டுப் பெட்டி வேறொருவர் பெயரில் திருச்சி லாரியில் ஏறிவிட்டது.

“எம்புள்ள கடல்ல கெடந்து புடிச்ச நண்டுய்யா! ஒங்க மிஷினு ரெண்டும் பக்கத்துலதானே இருக்கு, ஒண்ணையொண்ணு கேட்டுக்கிடாதா?”

“கேக்கச் சொல்லி நான் எழுதலைங்கக்கா.”

அந்த மனிதருக்கு ஆறுதலாக எங்களில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர், அடுத்துக் கிளம்பிய லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி, அந்தப் பெட்டியைத் தேடித் திருச்சிக்குப் போய்விட்டார்.