செக்கெற்றிக்குக் கற்பூரம்

யூனியன்வில்லில் பலே நடனம் பழக்கும் ஜெயமலரின் பரம்பரைக் குரு, என்றிக்கோ செக்கெற்றி என்ற இத்தாலிக்காரர். போன போன நூற்றாண்டு ஆள். பிறந்ததே ரோமில் ஒரு நாடகக் கொட்டகையின் உடுப்பு மாற்றும் அறையில். திங்கள் முதல் சனிவரை நாளுக்கொரு பயிற்சி என்று விதித்துவிட்டுப் போனவர்.

அகதிப் பிள்ளையாக சென் ஜேம்ஸ் ரவுணில் வளர்ந்த ஜெயமலர், அவரின் முறையைப் பழக்கிய மண்டபத்துக்குள் முதலில் நுழைந்தது கலைத்தாகத்தால் அல்ல. வெளியே பனி, உள்ளே ஹீற்றர் வேலை செய்தது. சூடு ஏறிய கால் பிறகு நிற்கவேயில்லை.

இப்போது அவளுக்கு வந்த கண்டம் பிக்கிள்போல் என்ற மட்டைப்பந்து ஆட்டம். பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பறை அந்த ஆட்டக்காரருக்குத்தான் என்று சமூக நிலைய மனேஜர் மாக்கஸ் சொல்லிவிட்டார். தமிழ் அம்மாமாரோ அசையவில்லை.

"பரதம் எண்டால் அரங்கேற்றம் வைக்கலாம் ரீச்சர். உதுக்கு என்னத்தை வைக்கிறது?" என்றாள் அவர்களின் தலைவி சந்திரவதனா.

வேறு வழியில்லாமல் ஜெயமலர் செக்கெற்றியின் நாட்கணக்கை எடுத்துவிட்டாள். சந்திரவதனாவின் முகம் மலர்ந்தது.

"செவ்வாய்க்கு ஒண்டு, வெள்ளிக்கு ஒண்டோ? விரதம் பிடிக்கிற ஆக்கள் மாதிரியெல்லோ! அப்ப விஜயதசமிக்குத் தொடக்குவம்."

அன்றைக்குப் பிள்ளைகளோடு தேங்காயும் வெற்றிலைத் தட்டமும் வந்து இறங்கின. சுவரிலிருந்த செக்கெற்றியின் படத்தைக் கழற்றி, மாலை போட்டு, வழுக்கைத் தலைவரை திருநீறு பூசினார்கள்.

"என்ன நெத்தியப்பா! பூசப் பூச இடம் கிடக்குது" என்றாள் ஒருத்தி.

பிறகு கற்பூரம் கொளுத்தினார்கள். கட்டடம் முழுக்க அலாரம் அலறியது. காலோடு ஒட்டிய ரைற்ஸ் போட்ட பிள்ளைகளும் மட்டை பிடித்த பிக்கிள்போல்காரரும் கார்ப்பார்க்கில் நின்று நடுங்க, தீயணைப்பு வண்டி வந்தது.

மாக்கஸ் சிவந்துபோய் வந்தார். "யார் நெருப்பு வைத்தது?"

வகுப்பு போச்சு என்று ஜெயமலருக்கு விளங்கிவிட்டது. சந்திரவதனா மாலையோடு படத்தைத் தூக்கிப் பிடித்தாள். "இது எங்கள் பூசை."

மாக்கஸ் படத்திலிருந்த மீசைக்காரரைப் பார்த்தார். "இவர் உங்கள் கடவுளா?"

மறுக்க வாய் திறந்த ஜெயமலரின் காலை சந்திரவதனா நன்றாக மிதித்தாள். "பேசாம இருங்கோ ரீச்சர்."

பிற சமயத்தாரை மதிப்பது பற்றி மாக்கஸுக்குப் போன மாதம்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குரல் உடனே இறங்கியது. "மன்னிக்க வேண்டும். நெருப்பு மட்டும் வேண்டாம். அறை உங்களுக்குத்தான்."

அம்மாமார் அங்கேயே பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சாமியாகிவிட்டவரிடம் பிள்ளையை விடுவதில் என்ன யோசனை?

மாக்கஸ் திரும்பி வந்து பயபக்தியோடு கேட்டார். "இவருக்குத் திருநாள் ஏதும் உண்டா? அன்றைக்கு வேறு யாருக்கும் இடம் கொடுக்கமாட்டேன்."

ஜெயமலர் கண் வெட்டாமல் செக்கெற்றியின் பிறந்தநாளைச் சொன்னாள்.