தாரின்கா போட்ட கணக்கு

எங்கள் ஊர் ராட்கோனா. மூரா ஆற்றின் இந்தப் பக்கம் ஸ்லோவேனியா, பாலத்தைத் தாண்டினால் ஆஸ்திரியா. சைக்கிளில் நாலு மிதி மிதித்தால் நாடு மாறிவிடும். தாரின்காவும் நானும் இந்தப் பக்கத்துச் சலவை ஆலையில் பதினேழு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவோம். மறுபக்கம் அது காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டுக்கு வீடு. நடுவில் அரை மணி நேரச் சாப்பாடு, அதுவும் சம்பளத்தோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரின்கா வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அவள் கணவன் யோஷெக் அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவன் அண்ணன் லுட்விக் இருந்தான். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் கூரை வேலை செய்பவன்.

"என்ன தாரின்கா, இன்னும் அந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சம் யூரோவுக்கே துணி பிழியிறியா?" என்றான். "அதே வேலை, அதே மெஷின், பாலத்துக்கு அந்தாண்ட ரெண்டு மடங்கு. உன் கைக்கு இங்க பாதி வெலதான் போட்டிருக்கான்."

"சாப்பிடு, ஆறிடும்," என்றாள் தாரின்கா. ஆனால் 'பாதி வெல' என்ற சொல் அவளைக் குத்திவிட்டது. பணத்தாசை பிடித்தவள் இல்லை, வேலையில் ரோஷக்காரி. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் என்னைப் பார்த்து, "இர்மா, கிளம்புடி, அந்தப் பக்கம் போய்க் கேட்டுட்டு வருவோம்," என்றாள். வேடிக்கை பார்க்கத்தான் கூடப் போனேன். அங்கிருந்த சலவை ஆலையில் இரண்டு பேரையுமே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். தாரின்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இரு, ஒரு வருஷம் பாப்போம்," என்றாள்.

அடுப்பங்கரை நாள்காட்டியில் தினமும் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினாள். அந்தப் பக்கம் வாரத்துக்கு முப்பத்தெட்டரை மணி, இந்தப் பக்கம் நாற்பது. கேட்டால் அங்கேதான் குறைவு என்று தோன்றும். ஆனால் எங்கள் நாற்பதுக்குள் சாப்பாட்டு நேரமும் அடக்கம், கழித்தால் முப்பத்தேழரைதான். அங்கே சாப்பாட்டு நேரம் நம்முடையது, சம்பளம் கிடையாது. அதனாலேயே என்னவோ யாரும் சேர்ந்து உட்கார மாட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் ரொட்டியும் கைபேசியுமாக நிற்பார்கள். வேலை தொடங்குவது ஏழுக்கு. வீடு வந்து சேர நாலாகிவிடும்.

வருடம் முடிந்தது. அங்கே வருடத்துக்குப் பதினாலு சம்பளம். இங்கே பன்னிரண்டும் விடுமுறைப் பணமும் சாப்பாட்டுப் படியும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வைத்துக்கொண்டு லுட்விக்குக்காகக் காத்திருந்தாள்.

"ரெண்டு மடங்குன்னு சொன்னல்ல? ஒன்றரை மடங்குதான் வருது. மீதி அரை மடங்கு உன் வாய்."

யோஷெக் சிரித்த சிரிப்பில் சூப் மூக்கில் ஏறிவிட்டது. லுட்விக் விடவில்லை. "ஒன்றரைன்னா கசக்குதா?" என்றான். "கசக்கல. வீட்டு ஜன்னல் அத்தனையும் மாத்தியாச்சு, குளிர் உள்ள வரல. கணக்கு கணக்கா இருக்கணும், அவ்வளவுதான்," என்றாள்.

அந்தக் கணக்கில்தான் இன்னொன்று அகப்பட்டது. ஆலை வாசலில் நுழைந்தால் முதலில் உடை மாற்றும் அறை. வெள்ளைச் சீருடை, தொப்பி, ஆலைக்குள் மட்டும் போடுகிற செருப்பு. அதற்கப்புறம் ஒரு நீளமான நடைவழி. அதன் கடைசியில் இருந்தது வருகை பதிகிற பஞ்சிங் மெஷின். போகும்போது ஆறு நிமிடம், வரும்போது ஆறு. தினமும் பன்னிரண்டு நிமிடம் யார் கணக்கிலும் இல்லை.

தாரின்கா நேராக மேற்பார்வையாளர் கெர்ட்ரவுட் அம்மாவிடம் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

"மேடம், இந்தச் சீருடைய நான் ஆசைப்பட்டுப் போட்டுக்கல. நீங்க சொல்றீங்க, போடுறேன். அந்த நேரமும் வேலை நேரந்தானே?"

"இது ரொம்ப வருஷமா இப்படித்தாம்மா நடக்குது."

"ஆத்துக்கு எங்க பக்கம் இப்படி இல்லீங்களே."

"அந்தப் பக்கம் சம்பளம் பாதி."

"சம்பளம் கம்மிதான். ஆனா நேரம் முழுசா எங்ககிட்ட இருந்துச்சு."

கெர்ட்ரவுட் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் பேச அவருக்குத் தயக்கம், அவ்வளவே. தாரின்கா, வேலைக்காரர்களின் உரிமைக்காகப் பேசுகிற தொழிலாளர் மன்ற அலுவலகத்துக்குப் போனாள். தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் நடையின் நீளம் வரை சொன்னாள். கட்டாயமாகப் போடுகிற சீருடையை ஆலையிலேயே மாற்ற வேண்டுமென்றால் அதுவும் வேலை நேரம்தான் என்றார்கள் அங்கே. ஒரு கடிதம் தயாரானது. ஹங்கேரிக்காரிகள் மூன்று பேர், ஆஸ்திரியப் பெண்கள் நாலு பேர், தாரின்கா எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்தான் கடைசி. வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் இழுத்தடித்தேன்.

"பயமாருந்தா போடாதடி. ஆனா பன்னெண்டு நிமிஷம் கிடைச்சா நீயும்தான் வாங்கிக்குவ," என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. போட்டேன்.

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை போனபோது எலக்ட்ரீஷியன் ஒருவர் வாசல் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சிங் மெஷினை நடையிலிருந்து கழற்றி, உடை மாற்றும் அறைக்கு முன்னால், வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. கெர்ட்ரவுட் அம்மாதான் முதலில் வந்து அட்டையைத் தேய்த்தார். "எனக்கும் சேத்துத்தான் இது," என்று தாரின்காவின் காதோரம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் செய்தி பாலம் தாண்டிப் போக எத்தனை நேரமாகும்? பழைய முதலாளி ஸ்லாவ்கோ வீடு தேடி வந்தார். அவர் ஆலையில் ஆட்கள் நிலைக்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"மேஸ்திரியா வந்துடு தாரின்கா. சம்பளம் ஏத்தித் தர்றேன். அந்தப் பக்கம் அளவுக்கு முடியாது, மறைக்கல. ஆனா ரெண்டு மணிக்கு வீட்ல இருப்ப."

ஒரு வாரம் யோசித்தாள். இங்கே கிடைப்பது நேரம், அங்கே கிடைப்பது கூலி. இரண்டில் ஒன்றை ஏன் விட வேண்டும் என்று கெர்ட்ரவுட்டிடம் போய், "வாரத்துக்கு நாலு நாள் மட்டும் வரட்டுங்களா? இல்லன்னா பழைய எடத்துக்குப் போறேன்," என்றாள். உருளையில் அவள் கை ஓடுகிற வேகத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. ஒத்துக்கொண்டார்கள். ஒரு நாள் சம்பளம் போயும், பழைய ஆலையில் ஐந்து நாளுக்கு வாங்கியதைவிட அதிகமாகவே வந்தது.

லுட்விக் தலையில் கை வைத்துக்கொண்டான். "வர்ற காச வேணாம்னு சொன்ன முதல் ஆளு நீதான்."

"வேணாம்னு சொல்லல லுட்விக். கொஞ்சத்தக் குடுத்து ஒரு புதன்கிழமைய வாங்கியிருக்கேன்."

லுட்விக் இன்னொரு தட்டு கேட்டுச் சாப்பிட்டான்.

நாற்பத்தெட்டு வயதில் அந்தப் புதன்கிழமைகளில் தாரின்கா நீச்சல் கற்றுக்கொண்டாள். பக்கத்து ஊர் ராடென்சியில் வெந்நீர்க் குளம் இருக்கிறது. யோஷெக் கரையில் துண்டோடு உட்கார்ந்திருப்பான், குளத்தில் இறங்கமாட்டான். போன மாதம், வேலை முடிந்து நானும் பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில், முதல் தடவையாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்காமல் நீந்திப் போனாள். எழுந்து மூச்சு வாங்கியபடி, "இர்மா, நீயும் நாலு நாள் கேளுடி," என்று குளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நானும் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். வருகிற மாதத்திலிருந்து எனக்கும் புதன்கிழமை விடுமுறை.