சித்தி எழுதிய கடைசிப் பக்கம்

நான் முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. என் வகுப்பில் ஒரே மாணவி, பத்தொன்பது வயதான என் சித்தி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்புறம் இருந்த துவைகல்தான் எங்கள் பள்ளிக்கூடம்.

சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்களோடு இருந்தாள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்பா ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். முடியாது என்று அவர் சொல்லவில்லை. “அதுக்கெல்லாம் இங்கிலீஷ் சுத்தமா எழுத வரணும்மா. நாலாவதோட நின்னுட்டு, வெள்ளைக்கார துரைசாணி முன்னால போய் முழிக்கிறதா?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று மாலையே சித்தி என்னைத் தன் டீச்சராக நியமித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் மிஷன் பள்ளியில் இரண்டு வாக்கியங்களை ஒன்றாகக் கோக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஐந்து சொற்கள்: ஹூ, ஹூம், ஹூஸ், விச், தட். எதையும் பட்டியலாகக் கொடுத்தால் எனக்குப் பிடித்துவிடும், இன்றும் அப்படித்தான். மனிதர்களுக்கு ஹூ, மற்றதற்கெல்லாம் விச் என்று துவைகல் மேல் நின்று அறிவித்தேன்.

“அப்போ பக்கத்து வீட்டு ஆட்டுக்கு?”

“விச்.”

“கொடியில இருந்து என் ரவிக்கையை மட்டும் பார்த்துப் பார்த்துத் திங்குது. அவ்வளவு விவரம் தெரிஞ்சதுக்கு ஹூ போடக் கூடாதா, டீச்சர்?”

“விச்னா விச்தான்லா! பத்துத் தடவை எழுது.”

சித்தி சிரிக்காமல் எழுதினாள்.

ஒரே இடத்தில் அவள் திணறினாள். “நேற்று மீன் கொண்டுவந்த மலாய்க்காரர்” என்று நாம் சேதியெல்லாம் சொல்லி முடித்துத்தான் ஆளிடம் வருவோம். இங்கிலீஷ்காரர்கள் ஆளை முதலில் நிறுத்திவிட்டுச் சேதியைப் பின்னால் இழுத்து வருகிறார்கள். இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. யார்டில் வண்டிகள் கோப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, “முன்னால ஆளு, பின்னால சேதி, நடுவுல இந்த ஹூ ஒரு கொக்கி. அவ்வளவுதானே?” என்றாள். பள்ளியில் யாரும் கொக்கி என்று சொல்லாததால் தப்பு என்றேன். பிறகு யோசித்துப் பத்துக்கு எட்டு போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கிள்ளானுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. மனைவி இறந்து ஒரு வருஷம், இரண்டு பிள்ளைகள். அம்மாவும் அப்பாவும் ஏறக்குறையப் பேசி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். சித்தியிடம் புடவை எந்த நிறம் என்று மட்டும் கேட்டார்கள்.

அன்று காலை எனக்குத் தலை பின்னிவிடும்போது சித்தி சொன்னாள்: “எனக்கு என்ன தெரியும்னு யாராச்சும் கேட்டா, டீச்சர் நீதான் பதில் சொல்லணும்.” எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரிப்பன் எடுக்கப் புத்தகப் பையைத் திறந்தால், எப்போதும் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும் சித்தியின் நோட்டு மேலாகக் கிடந்தது.

கிராணியும் அவருடைய அக்காவும் வந்தார்கள். சித்தி காப்பி கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

“பொண்ணுக்குப் பாட வருமா?” என்று கேட்டார் அந்த அக்கா.

“சுமாரா வரும்,” என்றாள் அம்மா.

“தையல்?”

“இங்கிலீஷ் வரும்!” என்றேன் நான். “நான்தான் டீச்சர்!”

அம்மா கிள்ளுவதற்குள் உள்ளே ஓடி நோட்டோடு திரும்பிவிட்டேன். கிராணி சிரித்தார். “எங்க, படிச்சுக் காட்டு பாப்பா.”

கையெழுத்து மிக அழகாக இருந்த கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் படித்து, கீழே இருந்த தமிழையும் படித்தேன்.

“என் ரவிக்கையைத் தின்ற ஆடு மறுபடியும் வந்தது.” எல்லாரும் சிரித்தார்கள்.

“நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களில் ஒருத்தியாக இருக்க விரும்புகிறேன்.” சிரிப்பு குறைந்தது.

“மனைவியை இழந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை.”

“என்னைக் கேட்காமல் பேசிய கல்யாணம் எனக்கு வேண்டாம்.”

பள்ளியில் பழக்கியபடி கடைசி வாக்கியத்தைக் கணீரென்று படித்தேன். படித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது.

“நல்லா இருக்குடியம்மா!” என்று எழுந்தார் அக்கா. “பொண்ணு பார்க்க வந்த இடத்துல நமக்குப் பாடம் நடத்துறாங்க!”

கிராணி எழவில்லை. என்னிடம் கை நீட்டி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். காப்பி ஆறியது. சித்தி தரையைப் பார்க்காமல் அவர் கையில் இருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்னால வர்ற பக்கங்கள்ல ஒரு தப்பும் இல்லைங்க,” என்று நோட்டை அப்பாவிடம் கொடுத்தார். “எங்க ஆபீஸ்ல இவ்வளவு சுத்தமா எழுத ஆளில்ல. இவங்களை ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கண்ணே. எனக்கும் கோபம் இல்லைன்னு சொல்லிடுங்க.”

அவர்கள் போனதும் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த நோட்டை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன தடை ஒன்றே ஒன்று. ஒரு கிராணியே தன் வாயால் அதை நீக்கிவிட்டார். இரண்டாவது தடை ஒன்றைத் தேடியிருப்பார் போலும், கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவரே சித்தியைக் கிள்ளானுக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போனார்.

இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து, புட்டிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். சித்தி கிள்ளானில் ஒரு வார்டையே நடத்துகிறாள். நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் தமிழ் இருப்பது அந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டுமே. தமிழில் எழுதச் சொல்லி நான் ஒருநாளும் பாடம் கொடுத்ததில்லை. பத்து வயதுப் பிள்ளை தடுமாறாமல் படிப்பதற்கு ஏற்றபடி, பெரிய பெரிய எழுத்தில், இடம் விட்டு விட்டு எழுதியிருக்கிறாள்.

அன்று எனக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. நோட்டை நான்தான் கவனமில்லாமல் என் பையில் போட்டுவிட்டேன் என்று நினைத்து, இரண்டு நாள் அழுது அழுது சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளும் அவள் என்னைப் பெரிய மனதோடு மன்னித்தாள்.